நான் கழுவிய வாசல்

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டில் காலையில் முதல் வேலை வாசல் கழுவுவதுதான். காற்றில் வந்து படிந்திருக்கும் மணலை ஹோஸ் பிடித்துக் கழுவித் தள்ள வேண்டும். வாசல், கார் நிற்கும் இடம், படிகள், பிறகு உள்ளே தரை. மேடம் எழுந்து வருவதற்குள் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். பதினேழு வருடம் அப்படித்தான். தண்ணீர் நின்றுபோன ஒரு நாள் எனக்கு ஞாபகமில்லை. அது எங்கேயிருந்து வருகிறது என்று நான் யாரிடமும் கேட்டதுமில்லை.

இலங்கையில் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது, லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களில் பாதிப் பேர் மலைச் சரிவில் தனி வீடு கட்டிப் போயிருந்தார்கள். என் மகளும் கட்டியிருந்தாள். நான் வெளிநாடு போகும்போது எல்லோருக்கும் ஒரே பீலிதான். மலையிலிருந்து விழும் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். இப்போது மேலே ஒரு டேங்கி கட்டியிருக்கிறார்கள். இரவில் ஊற்றுத் தண்ணீர் அதில் நிறையும், பகலில் பதினோரு வீட்டுக்கும் பைப்பில் வரும். டேங்கிக்குக் கீழே, சரிவில் முதல் வீடு எங்களுடையது. "தண்ணிய வீணாக்காம பாத்துப் பாவிக்கணும்மா" என்று மகள் வந்த அன்றே சொன்னாள். காதில் வாங்கினேன். கைக்கு அது போய்ச் சேரவில்லை.

மகளும் மருமகனும் காலையிலேயே மாத்தளை டவுனுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு நான் என்ன செய்வது? சும்மா உட்கார்ந்தால் யாரோ வந்து ஏசப் போகிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். யட்டவத்தச் சந்தையில் ஒரு ஹோஸ் வாங்கி வந்தேன். வாசலைக் கழுவினேன், படியைக் கழுவினேன், ரோட்டிலிருந்து ஏறி வரும் கொங்கிரீட் பாதையையும் கழுவினேன். செம்மண் தூசி, மறுநாளும் வந்துவிடும். மறுநாளும் கழுவுவேன். மிளகுக் கொடி படர்ந்த வேலி மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை. கழுவி முடித்த பிறகுதான் ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்க மனம் வரும்.

மழை இல்லாத மாதங்கள் அவை. கீழ் வீடுகளுக்குத் தண்ணீர் வரவில்லை என்று பேச்சு எழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேங்கியைப் பார்த்துக்கொள்ளும் தலைவர் எல்லோரையும் டேங்கியடிக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"விடியக்காலையில டேங்கி நெறைஞ்சு வழியுது. பத்து மணிக்கு எட்டிப் பாத்தா அடியில தவக்களை குந்தியிருக்கு. இவ்வளவு தண்ணியையும் யாரு குடிக்கிறது?" என்றார்.

பத்து மணி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஹோஸைச் சுருட்டி வைக்கிற நேரம் அது.

"யாரு குடிக்கிறாங்கன்னு துணிக்கொடியப் பாத்தா தெரியாதா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் நாலாம் வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புருசனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து இரண்டு வருடமாகிறது. தினமும் அவரைக் குளிப்பாட்டி, படுக்கைத் துணியையெல்லாம் அலசிக் காயப்போடுவாள். என்னைவிட இளையவள்; நான் தங்கச்சி என்பேன். என் மகள் பெரியவளானபோது நான் குவைத்தில் இருந்தேன். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது இவள்தான்.

"நாலு வாளிதாங்க புடிக்கிறேன். நாலு வாளியில ஒரு டேங்கி வத்துதுன்னா, அந்த வாளிய மியூசியத்துல கொண்டு வைங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

"வாயி மட்டும் வத்தாது ஒனக்கு. மழை வர்ற வரைக்கும் ஒங்க வீட்டு பைப்ப மூடி வைப்போம். பின்னேரம் ஒரு மணித்தியாலம் தொறந்து விடுறேன், சமைக்கக் குடிக்கப் புடிச்சுக்க. துணிய பீலிக்குக் கொண்டு போய் அலசு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. மேல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குவைத் வீட்டில் ஒரு கிளாஸ் உடைந்தால், யார் உடைத்தாலும், குனிந்து நின்றால் சத்தம் தலைக்கு மேலே போய்விடும். அந்தப் பழக்கம்தான் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பழக்கம் மட்டுமில்லை. அத்தனை பேரும் என் முகத்தைப் பார்ப்பார்களே என்ற பயம். அவளைப் பார்த்தது போல என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நின்றேன். அதுதான் உண்மை.

மறுநாளிலிருந்து ஹோஸைத் தொடவில்லை. செய்ததைத் திருத்திவிட்டதாக நினைத்தேன். மற்றப் பத்து வீட்டுக்கும் சாயங்காலம் வரை தண்ணீர் வந்தது. "பாத்தீங்களா, அவ பைப்ப மூடுனதும் தண்ணி நிக்குது" என்று பேசிக்கொண்டார்கள். நான் கழுவாமல் இருந்ததே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இது முன்கூட்டி எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் ஈரத் துணியைச் சுமந்துகொண்டு பீலியிலிருந்து ஏறி வருவதைப் பார்க்க முடியாமல், துணைக்குப் போகத் தொடங்கினேன்.

"குவைத் நோனா, கை நோகப் போகுது, விடுங்க" என்று, பெரிய வீட்டு அம்மாவிடம் பேசுவது போல முதல் நாள் கேலி செய்தாள். நாலைந்து நாள் போனது. கேலி குறைந்தது. "இந்தத் தோட்டத்துலயே நீங்க ஒருத்திதான்க்கா மனுசி" என்றாள். அந்தச் சொல்லையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன்.

பிறகு ஒரு நாள், பெட்சீட்டின் ஒரு முனையை அவளும் மறு முனையை நானும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "ரெண்டு நாளா அவரக் குளிப்பாட்டலக்கா. தண்ணி காணாது. முதுகுல புண்ணு வைக்குது."

"தங்கச்சி, தண்ணிய முடிச்சது நான்தான்" என்றேன்.

ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். "என்னாக்கா பேசுறீங்க?" என்றாள். ஹோஸ் வாங்கியதைச் சொன்னேன். வாசல், படி, பாதை எல்லாம் சொன்னேன். அவள் கையிலிருந்த முனையை விடவில்லை. தண்ணீர் சொட்டுவது நிற்கும் வரை முறுக்கினாள்.

"அன்னைக்கு டேங்கியடியில நிக்கிறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

என் கையிலிருந்த முனையையும் வாங்கிக்கொண்டாள். "அவ்வளவு தண்ணியும் வாசலுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் அங்கிருந்து நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். தனியாக ஒரு ஆம்பிளையின் வாசலில் போய் நின்று பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பாதி சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அவர் சிரித்தார். "இதுக்கா அழுவுறீங்க? குவைத்துப் பழக்கம் லேசுல போகுமா? தெரியாமச் செஞ்சதுதானே." அவர் சம்சாரம் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தாள். அன்று பின்னேரமே நாலாம் வீட்டு பைப்பைத் திறந்துவிட்டார்.

"அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க" என்று கேட்டிருந்தேன். "தண்ணி வந்தா அவளுக்கே புரிஞ்சிரும்" என்றுவிட்டார். விசயம் எல்லா வீட்டுக்கும் பரவியும் யாரும் அவளிடம் போகவில்லை. என்னிடம்தான் வந்தார்கள். "என்னாக்கா, இன்னைக்கு வாசல் கழுவலியா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அன்று நான் தெரிந்தே சும்மா நின்றது அவர்களுக்குத் தெரியாது. குற்றம் செய்த எனக்குச் சிரிப்பும் தேத்தண்ணியும். ஒன்றும் செய்யாத அவளுக்கு அது கூட இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலையைச் சரியாகக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியதை வழியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நான்தான், அவ இல்ல. தெரிஞ்சுக்கிட்டே சும்மா நின்னேன். நீங்க அவகிட்ட ஒரு வார்த்த பேசுங்க. இரண்டாம் வீட்டில் பாதிதான் வாயில் வந்தது. மூன்றாம் வீட்டில் முழுவதும் சொன்னேன். அந்த வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாம் வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் புருசனைச் சாய்த்துப் பிடித்து முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வீட்டில் நான் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கும்; என்னைப் பார்த்தாள்.

"எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டீங்களா?"

"ரெண்டு வீட்டுக்குத்தான்."

"அப்ப கீழ போயி சொல்லுங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. அக்கா என்றும் சொல்லவில்லை.

நான் ஐந்தாம் வீட்டுக்கு இறங்கினேன்.