கதவுநிலையில் முளைத்த பயறு

தில்லையம்பலத்திடம் என்ன வேலை என்று கேட்டால், "வீடு கட்டுறன்" என்பார். பலெர்மோவுக்கு வெளியே உள்ள அந்தத் தொழிற்சாலையில் அறைகளை முழுசாகவே செய்து லொறியில் ஏற்றி அனுப்புகிறார்கள். வெறும் இரும்புச் சட்டம் ஒரு முனையில் புறப்பட்டு, ஆள் ஆளாகத் தாண்டி, எட்டாம் நாள் மறுமுனையில் வகுப்பறையாக வெளியே வரும். அதில் தில்லையம்பலத்தின் பங்கு கதவு மட்டும். நிலையைப் பொருத்தி, இடைவெளியை அடைத்து, மேல்விளிம்பில் தண்ணீர் போகாமல் சிலிக்கோன் பூசவேண்டும். இந்தப் பூச்சு வேலையைத்தான் வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கும்போதெல்லாம் வீடு கட்டுவதாக அளந்துகொண்டிருந்தார். வீடு கட்டுகிற மனுசன் ஒரேத்தோத் தெருவில் மூன்று பேரோடு ஒரே அறையில் படுக்கிறார் என்பதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. கிளிநொச்சியில் ஒரு நிலை வைப்பதென்றால் நாள் பார்ப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள், மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து நிலையில் கட்டுவார்கள். இங்கே கிழமைக்கு இரண்டு நிலை எழும்புகிறது, ஒரு கற்பூரம்கூட இல்லை. பிள்ளைகள் இருந்து படிக்கப்போகிற அறை, அப்படியே விடலாமா? ஆகவே போன ஐந்து மாதமாக ஒவ்வொரு நிலைக்கு மேலேயும் ஒரு சின்ன முடிச்சை ஒளித்துவைத்து, அதன்மேல் சிலிக்கோன் பூசினார். ஜன்னல் பொருத்துகிற மன்னார் யாக்கோபுவுக்கு மட்டும் இது தெரியும். யாக்கோபுவும் வெறுங்கையன் இல்லை. ஜன்னல் சட்டத்துக்குள் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் படத்தைச் செருகிவிடுவான். ஆனால் படம் முளைக்காது.

மார்ச் மழை முடிந்ததும் மலையூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு படம் வந்தது. வகுப்பறைக் கதவின் தலையில் நாலைந்து பயற்றங்கன்றுகள் பச்சைப்பசேலென்று எட்டிப் பார்த்தன. தலைமை இஞ்சினியர் சிஞ்ஞோரா லோரெத்தா அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

கூப்பிட்ட நேரம்தான் கெட்ட நேரம். அவருடைய நிரந்தர வேலைப் பத்திரம் கையெழுத்துக்காக அதே மேசையில் கிடந்தது. அது கிடைத்தால்தான் மனைவி பரமேஸ்வரியைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். ஆறு வருடமாக அவர் காத்திருந்தது அந்தக் கையெழுத்துக்கு.

காய்ந்த பயறு தானாக முளைக்காது. மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் போகாமல் பூசவேண்டியவர் யார்? அதே தில்லையம்பலம். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள், இவர் பயறு விதைத்து வினை அறுத்தார். நேர்ந்து வைத்த நவதானியமே அவருடைய கைவேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அண்ணை, ஒண்டுதான் வைச்சனான் எண்டு சொல்லுங்கோ. மற்றது ஒண்டும் முளைக்கேல்லைத்தானே" என்று வாசல்வரை வந்து காதைக் கடித்தான் யாக்கோபு.

நல்ல யோசனைதான். அவரும் அதைத்தான் சொல்லப்போனார். ஆனால் மேசையில் கிடந்த படத்தில், கதவுக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டி மேல்சட்டைகள் வரிசையாகத் தொங்கின. மேலே மின்விளக்கு. இன்னொரு நிலையிலும் ஒழுகி மின்சாரத்தில் பட்டால்? அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"எத்தனை?" என்றார் சிஞ்ஞோரா.

"நாற்பத்தொன்று." ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து பிழையில்லாமல் வந்த இத்தாலியச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

பத்திரம் மேசை லாச்சிக்குள் போய்விட்டது. மூன்று கிழமை தில்லையம்பலம் ஏணியோடு ஊர் ஊராகப் போய், தான் பூசியதைத் தானே கீறித் திறந்து, முடிச்சை எடுத்துவிட்டு மறுபடி பூசினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவரைப் பயற்றுக்காரன் என்று கூப்பிட்டுக் கைதட்டினார்கள். கடைசியில் நாற்பது முடிச்சுகளை சிஞ்ஞோராவின் மேசையில் கொட்டினார். அந்த அம்மா ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். எல்லாம் கலகலவென்று காய்ந்து கிடந்தன.

"நாற்பது கதவு சரி, ஒன்று பிழை. இனிமேல் தானியம் வேண்டாம்" என்றவர், லாச்சியைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

பரமேஸ்வரிக்குப் போன் எடுத்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பரமேஸ்வரி சிரித்து முடிக்கவே கனநேரம் எடுத்தது.

"அந்த முளைச்ச நிலையிலை இப்ப என்ன வைச்சனீங்கள்?"

"சிலிக்கோன்."

"வடிவாப் பூசினனீங்களோ?"

"ரெண்டு தரம்."

"ஓம், அப்ப நான் வாறன்."