அப்பாவின் படகும் அம்மாவின் நல்ல நேரமும்

எங்கள் அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவர் அவர். தன் வாழ்நாளில் கழற்றி மாட்டிய ஒரே சாமான் மைப் பேனாதான். அப்படிப்பட்ட மனிதர், மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம், சீமைக்கே திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து மோட்டார் படகு ஒன்றை வாங்கிவிட்டார்.

மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ஆறும் தெரியாது, கடலும் தெரியாது. படகு இருந்தது எங்கேயோ லிங்கி ஆற்றின் முகத்துவாரத்தில், ஒரு மலாய்க்காரர் வீட்டுக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா பஸ் ஏறிப் போய் அதைத் துடைத்துவிட்டு வருவார். வீட்டில் ஒரு நாற்காலியைத் துடைத்தறியாதவருக்கு வந்த வாழ்வைப் பார் என்று அம்மா முணுமுணுப்பாள்.

அந்த வருடக் கடைசியில், மழையோ மழை என்று கொட்டிக்கொண்டிருந்த பள்ளி விடுமுறையில், சின்னம்மா ஊருக்குப் போகிறாள் என்று செய்தி வந்தது. அம்மாவுக்கு ஒரே தங்கை. அதே லிங்கி ஆற்றின் மேல்பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். சித்தப்பா இந்த நாட்டுக் குடியுரிமையே வேண்டாம், குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்து கப்பலுக்கும் ஏற்பாடு பண்ணிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்து லாரியில் துறைமுகத்துக்குப் புறப்படுகிறார்கள். அதற்குள் அவளை ஒருதரம் பார்த்துவிட வேண்டும். செய்தி வந்ததிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மலாக்காவில் பஸ் ஏறி, அலோர் காஜாவில் மாறினால், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தோட்டத்தில் இருக்கலாம். இது எட்டு வயதுப் பிள்ளையான எனக்கே தெரியும். பக்கத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாய் மலாயே பேசி வளர்ந்த மலாக்காச் செட்டி அம்மாளுக்குத் தமிழ் வராது, அவர்கூட வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நாயிக் பஸ்லா!" என்று மலாயில் சொன்னார். பஸ்ஸில் போங்கள் என்று.

"பஸ்ஸுல போறதுக்கா படகு வாங்குனேன்?" என்றார் அப்பா. "தோட்டத்துல படகு அணையற ஜெட்டியிலயே போய் எறங்கலாம். ஒன் தங்கச்சி புள்ளைங்களையும் ஒரு சுத்து ஏத்திக் காட்டலாம். இனி எப்ப பாக்கப் போறோம்?"

அந்தக் கடைசிப் பேச்சில் அம்மா இளகிவிட்டாள். ஆனால் அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். "நல்ல நேரம் பாத்துத்தான் படகு எடுக்கணும். கடல் தாண்டிப் போறவளப் பாக்கப் போறோம். நாம நேரங்கெட்ட நேரத்துல கெளம்பி அவளுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா?" அப்பா சரி என்றார். படகில் வருகிறோம் என்று சின்னம்மாவுக்கும் சொல்லி அனுப்பினார். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து ஒத்துப்போனது என் நினைவில் அந்த ஒரு தடவைதான். அதுவே வினையாகப் போயிற்று.

சனிக்கிழமை காலை முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். படகைப் பார்த்துக்கொண்ட மலாய்க்காரரை நான், மாமா என்பதுபோல, பாக்சிக் என்று மலாயில் கூப்பிடுவேன். வழிகாட்ட அவரும் வருவதாக ஏற்பாடு. அவர் ஆற்றைக் காட்டி, "ஆயர் பாசாங், துவான்," என்றார். கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. இப்போதே புறப்பட்டால் தண்ணீரே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். அம்மா அசையவில்லை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். முறுக்கும் அதிரசமும் அடைத்த தகர டின்னை மடியில் வைத்துக்கொண்டு பாக்சிக் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள். சின்னம்மாவுக்குக் கப்பலில் கொடுத்தனுப்ப அவளே சுட்டவை. என்னை ஒன்றைக்கூடத் தொட விடவில்லை.

பத்தரைக்கு மேல் நல்ல நேரம் வந்தது. தண்ணீர் போய்விட்டது. எதிர்நீரில் முக்கி முனகிக்கொண்டு ஏறி, சதுப்புக் காட்டு ஓரமாகச் சேற்றில் போய் உட்கார்ந்துகொண்டது எங்கள் படகு. அப்பா எஞ்சின் கயிற்றை இழுத்தார். இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் பாக்சிக் இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளி, கரையோரக் கம்பம் ஒன்றில், அந்த மலாய்க் கிராமத்தில் இருந்த தன் தம்பி வீட்டில் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை நேரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆறுதான் சரியில்லை. மரக்கட்டையும் வாழைமரமுமாக மேலிருந்து அடித்துக்கொண்டு வந்தது, சூறைக்காற்று வேறு. எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விட்டது. அப்பா அதைப் பிரித்துப் பாய்மேல் பரப்பி வைத்தார். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. "இது தேவையில்லாதது," என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா மழையில் நனைந்தபடி வாசலில் நின்று, "ரோடு பக்கமா நடந்து போயி பஸ்ஸப் புடிக்கலாங்க," என்றாள்.

"ரோட்டுலயும் வெள்ளம்லா. நாளைக்குக் கண்டிப்பா போயிடலாம்," என்றார் அப்பா.

திங்கட்கிழமை மழை கொஞ்சம் விட்டது. எஞ்சினும் கிளம்புகிற மாதிரி இருமியது. ஆனால் தண்ணீர் ஏறி நின்ற நேரத்தில் எமகண்டம் பிறந்துவிட்டது. "பரவாயில்ல, ஏறு," என்று அப்பா அன்று ஒருநாள் புத்தியோடு பேசினார். அம்மா ஒரு காலைப் படகில் வைத்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள். "எமகண்டத்துலயா? அவ புள்ளைங்களோட கப்பல் ஏறப்போறா!" என்று அழுதாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எமகண்டம் கழிந்தபோது தண்ணீரும் கழிந்திருந்தது. எதிர்நீரில் கொஞ்சதூரம் போய், மறுபடியும் எஞ்சின் அவிந்து, ஒரு சீனர் மளிகைக்கடைப் படித்துறையில் ஒதுங்கினோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் ஆற்றில் தள்ளிவிட்டு பாக்சிக்கோடு நான் மட்டும் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் ஏறுநீர் தள்ளிக்கொண்டு போக, மத்தியானம் தோட்டத்து ஜெட்டியில் இறங்கினோம். தொழிலாளர் வீட்டு வரிசையில் சின்னம்மாவின் லயத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சாமான் இல்லை. அடுப்பைக்கூடக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடு ஓடிவந்தார். "காலையிலேயே லாரி போயிருச்சேக்கா! ரெண்டு நாளா ஒங்க தங்கச்சி ஜெட்டியிலதான் கொடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. லாரிக்காரன்கிட்டயும் இன்னும் கொஞ்சம் பொறுங்க, இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னு அழுதுச்சு. ஏங்க்கா, பஸ்ஸுல வந்திருக்கலாமே?"

அப்பா ஜெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அந்த வெறும் வீட்டுக்குள் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, டின்னைத் திறந்து லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வாரிக் கொடுத்தாள். எனக்கு ஒன்றாவது எடுத்து வைக்கத் தோன்றவில்லை. நான் காலை உதைத்து அழுதேன்.

ஜெட்டிக்குத் திரும்பினபோது அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் குரல் அத்தனை மெதுவாக இருந்து நான் கேட்டதில்லை. "மூணாச்சு. செவ்வாக்கெழம ராகு காலம். நாலரை வரைக்கும் உக்காந்திருப்போம்."

"எடுங்க," என்றாள் அம்மா. எங்களுக்கு முன்னால் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அப்பா ஒரே இழுப்புதான் இழுத்தார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீரும் இறங்குமுகமாக இருந்தது. சேறு இல்லை, மழை இல்லை. பொழுது சாய்வதற்குள் முகத்துவாரத்துக்கு வந்துவிட்டோம். அந்தப் பயணத்தில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெரிய சண்டை நடக்கும் என்று காத்திருந்தேன். குழம்பில் உப்புக் கரிக்கிறது என்று அப்பா சொன்னால் ஒரு வாரம் பேசுகிறவள் அம்மா. இதற்கு ஒரு வருடமாவது பேச வேண்டும். அவளோ படகைப் பற்றி அப்பாவையும் கேட்கவில்லை, நேரத்தைப் பற்றி அப்பாவும் அவளைக் கேட்கவில்லை. ஒருவர் தட்டில் ஒருவர் பார்த்துப் பார்த்துப் பரிமாறிக்கொண்டார்கள். இதல்லவோ அதிசயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்ததும் தோழிகளிடம் அளந்து தள்ளினேன். "எங்கம்மா ராகு காலத்துலயே படகுல ஏறுவாங்க, தெரியுமா? அவங்களுக்கு எதுக்குமே பயம் இல்ல."