காயப்போட முடியாத வானம்

ஸ்காட்லாந்தில் அரை மணி நேரம் வெயில் அடித்தால் போதும், எங்கள் தெருவில் பெரியவர் சின்னவர் பேதமில்லாமல் புல்தரையில் வந்து படுத்துவிடுவார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா முதல்முறை அதைப் பார்த்துவிட்டு, "இவீங்கள ஆரு சாமி காயப் போட்டது?" என்றார்.

அப்பா வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஆலையின் களத்தைப் பார்த்துக்கொள்பவர். ஈர ஜவ்வரிசியைச் சிமெண்டுத் தரையில் பரப்பிவிட்டு, மேகம் கறுத்தால் தார்ப்பாயோடு ஓடியே தலை நரைத்தவர். அம்மா போன பிறகு தனியாக இருந்தவரை இங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசைப்பட்டேன். அதற்கு நான் கையில் எடுத்தது வானத்தை. முருங்கைக்காய்கூட உறைந்து கட்டியாகக் கிடைக்கிற ஊரில் வேறு எதைக் காட்டுவது, நீங்களே சொல்லுங்கள்.

வசந்தத்தில் ஒரே நாளில் நான்கு விதமாக மாறும் வானத்தைக் காட்டினேன். கோடையில் இரவு பத்து மணிக்கும் அணையாத வெளிச்சத்தைக் காட்டினேன். "இத்தன நேரம் வெளிச்சம் இருந்து என்ன பண்ண? ஒரு படி மாவு காயாதே" என்றார். இலையுதிர்காலத்தில் ஒருநாள் குன்றின்மேல் ஊதா மேகங்கள் திரண்டு வந்தன. நான் போனை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் அப்பாவைக் காணோம். பக்கத்து வீட்டு மேரியின் கொடியிலிருந்த துணிகளை, உள்ளாடை உட்பட, உருவி நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவருகிறார்.

"எக்ஸ்கியூஸ் மீ!" என்று மேரி வெளியே வந்தார்.

"மழ வருதுங்க அம்மிணி, உள்ள போங்க" என்று அப்பா அவரையே விரட்டினார்.

நான் அசடு வழிய விளக்கினேன். மேரி அண்ணாந்து பார்த்து, "இதுவா? லவ்லி டே" என்று சொல்லிவிட்டு, துணிகளை வாங்கி அதே கொடியில் திரும்பப் போட்டார். தூறல் விழுந்தது. நனையும் துணியைப் பார்க்கப் பொறுக்காமல் அப்பா உள்ளே போய்விட்டார்.

"இங்கயே இருந்துக்குங்கப்பா" என்று சாப்பிடும்போது கேட்டேன்.

"வானம் நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா கறுத்தா நான் ஓடோணும். இங்க நான் ஓடுறது ஆருக்கும் வேண்டியதில்லையே."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஜவ்வரிசிக்கு வேண்டியவர் எனக்கு வேண்டாதவரா? அடுத்த வாரமே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

போன கார்த்திகையில் ஒருநாள் களத்திலிருந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அங்கே மதியம், இங்கே காலை எட்டு மணிக்கும் விடியவில்லை. அவர் தலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். "அப்பா, மேகம்!" என்று கத்தினேன். போனை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடினார். திரையில் எங்கள் ஊர் வானம் மட்டும் இருந்தது. தார்ப்பாய் இழுபடும் சத்தம் கேட்டது. நானும் எழுந்து ஓடியிருக்கிறேன். சமையலறைக் கதவு வரைக்கும்தான் ஓட முடிந்தது.