கொட்டகைக் கொசுவும் நானும்

பிள்ளை பார்க்கிற வேலையில் பிள்ளை சிரித்தால் அம்மா ஜாடை, அழுதால் உங்கள் குற்றம். உடம்பில் கொசுக்கடித் தடிப்பு வேறு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நீங்களே கடித்த மாதிரி பார்ப்பார்கள். இந்த வேலை பார்க்கிற அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வரவில்லை, அதை மறைக்கவும் எனக்கு வராது. வில்லியனூர்ச் சந்தைக்கு நடந்தே போய்வரும் தூரத்தில் எங்கள் ஊர். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போவதற்காக, மாதா கோயில் பக்கத்தில் ஒரு கூரைக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அங்கே எனக்கு ஆயா வேலை. எங்கள் பக்கத்தில் பாட்டியைத்தான் ஆயா என்போம். பதினேழு வயதில் ஆயாவானவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கொட்டகைக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கு அந்தண்டை கரும்பு. பகலிலேயே கொசு காதில் வந்து பாடும்.

தூளிக்கு அடியில்

வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாகச் சந்தையில் வலைத்துணி வாங்கி, ஒவ்வொரு தூளிக்கும் மேலே கூடாரம் மாதிரி தைத்துத் தொங்கவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். ஆனால் தெய்வானை அக்காவின் பெண்பிள்ளைக்கு மட்டும் முதுகிலும் பிட்டத்திலும் தடிப்புத் தடிப்பாக வந்துகொண்டே இருந்தது. முகத்தில் ஒன்றுகூட இல்லை. மூட்டைப்பூச்சி என்றேன், வேர்க்குரு என்றேன். அக்கா நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை.

ஒருநாள் மத்தியானம் கோபத்தில் அந்தத் தூளிக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். மெல்லிசான பழைய வாயில் புடவையில் கட்டிய தூளி, துணி நைந்து சல்லடையாகக் கிடக்கிறது. பிள்ளையின் எடைக்கு அது உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழேயிருந்து கொசுக்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு துணி வழியாகவே குடிக்கின்றன. அன்றே எல்லாத் தூளியிலும் கெட்டிப் போர்வையை மடித்துப் போட்டு, வலையைக் கீழே சுற்றிக்கொண்டு வந்து முடிச்சுப் போட்டேன். தடிப்பு நின்றது. தெய்வானை அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், "தலவாசலுக்குப் பூட்டு போட்டுட்டு தோட்டத்துக் கதவத் தொறந்து வச்சிருந்தியாடி இத்தினி நாளும்?" என்றாள்.

புகை

வலை போட்டாலும் பிள்ளைகள் தூளியிலேயே கிடக்குமா? தவழும், எச்சில் ஒழுகத் தரையில் புரளும். அப்போது கடிக்கும். புகை போடு, புகை போடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சரியென்று ஒரு சட்டியில் உமியும் காய்ந்த வேப்பிலையும் போட்டு நெருப்பு வைத்தேன். உமி கனிந்ததும் கொட்டகையே தெரியவில்லை. ஒரு பிள்ளை இருமியது, அதைக் கேட்டு எல்லாம் இருமின. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் பாய் போட்டுக் கிடத்தினேன். அங்கே நிழலுக்குக் காத்திருந்த கொசுவெல்லாம் சந்தோஷமாக வந்து கடித்தன.

கரும்பு ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, புகைகிற கொட்டகையையும் மரத்தடியில் அழுகிற பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "கொசுவும் வெளிய வந்துட்ச்சி, புள்ளைங்களும் வெளிய வந்துட்ச்சிங்க, உள்ள யாருக்கும்மா புகை போடுற?" என்று கேட்டார்.

சுண்ணாம்பு

கடிக்காமல் பார்ப்பது ஒரு பாடு என்றால், கடித்த பிறகு பார்ப்பது வேறு பாடு. வெற்றிலை போடுகிற தெய்வானை அக்கா, சாயங்காலம் பிள்ளையை எடுக்க வந்தபோது காலில் ஒரு தடிப்பைப் பார்த்துவிட்டாள். விரல் நுனியில் சுண்ணாம்பு இருந்தது, அப்படியே வைத்துவிட்டாள். பெரியவர்களின் தோலே எரியும். பிள்ளை வீறிட்டது. நான் அவள் கையைத் தட்டிவிட்டு, குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். மறுநாள் அங்கே சின்னக் கொப்புளம்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொன்னதைத்தான் நான் செய்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவி, பச்சைத்தண்ணீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்தால் அரிப்பு அடங்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் சொறிந்து புண்ணாக்காது. கால் மூடுகிற மெல்லிசுத் துணி போட்டால் பாதிக் கடி குறையும். புண்ணாகிப் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் தெய்வானை அக்காவிடம் பொறுமையாகச் சொன்னேன், எனக்குப் பொறுமை இருக்கிற அளவுக்கு. கேட்டு முடித்துவிட்டு, "எரியாத மருந்து மருந்தாடி?" என்றாள்.

தீர்த்தத் தொட்டி

இதுவரை சொன்னதில் நான் சிரிக்கலாம், நீங்களும் சிரிக்கலாம். ரெஜினா அக்கா விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருக்கிறார். அவள் நடவுக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். கைப்பிள்ளை அருளுக்குக் கொசு கடித்தால் தடிப்போடு நிற்காது, சொறிந்து சீழ் வைத்துவிடும். இரண்டு காலும் புண். மாமியார், "நாளைக்கி இன்னொரு புண்ணு பாத்தேன்னா நீ வேலைக்கிப் போவ வேணாம், புள்ளைய வச்சிக்கினு வூட்ல கெட" என்று சொல்லிவிட்டாள். நடவு நேரத்தில் நின்றால் கும்பலில் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்கள், மறுபடி இடம் கிடைக்காது. ஆஸ்பத்திரிக் களிம்பு போட்டோம். ஆறும், ஆறுவதற்குள் புதிதாகக் கடிக்கும்.

கொட்டகை வாசலில் மாதா கெபி இருக்கிறது, குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சிலை வைத்தது. கெபிக்கு முன்னால் கல்லில் ஒரு தீர்த்தத் தொட்டி. கோயிலுக்குப் பூசை வைக்க வருகிற சாமியார் எப்போதோ மந்திரித்த தண்ணீர். பாதி குறைவதற்குள் ஒரு குடம் தண்ணீர் சேர்த்துவிட்டால் அதுவும் தீர்த்தமாகிவிடும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் அந்தத் தொட்டியை யாரும் காலி செய்ததே இல்லை. ரெஜினா அக்கா மட்டுமில்லை, இந்துப் பெண்களும்தான், தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு கை அள்ளிப் பிள்ளையின் கடிவாயில் தடவிவிட்டுப் போவார்கள். நானும் தடவியிருக்கிறேன்.

மாமியார் அப்படிச் சொன்ன மறுநாள் காலை, ரெஜினா அக்கா வழக்கம்போல அள்ளிக்கொண்டு வந்தாள். அருளின் காலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளங்கைத் தண்ணீரில் ஏதோ துள்ளியது. கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். கூத்தாடிப் புழு, கொசுக் குஞ்சு. ஒன்றல்ல, பல. இரண்டு பேரும் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தோம். தண்ணீரே நெளிந்தது. கொசு வாய்க்காலிலிருந்து வருகிறது என்று நான் பின்னால் போய் முறைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வைத்து நாங்களே வளர்த்திருக்கிறோம்.

உபதேசியார்தான் கோயிலையும் கொட்டகையையும் பார்த்துக்கொள்கிறவர். ஓடிப்போய், தொட்டியைக் கொட்டிக் கழுவ வேண்டும் என்றேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "தீர்த்தம்னு சொல்லிப் புழுவத் தடவிக்கினு இருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மந்திரித்த தண்ணீரைக் கொட்ட இந்த ஊரில் யாருக்கும் கை வராது, தொட்டியைத் தொட்டால் அன்றோடு உனக்கு வேலை இல்லை என்றார். புழு இருக்கிறதே என்று மறுபடி கேட்டேன். "புழுவையும் ஆண்டவர்தான் படைச்சாரு, நீ போய்ப் புள்ளையப் பாரு" என்றார்.

ரெஜினா அக்கா

திரும்பி வந்தபோது அவள் நடவுக்குப் போகாமல் கெபி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கும்பல் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. வரப்பிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் திரும்பவில்லை. உபதேசியார் சொன்னதைச் சொன்னேன். நானே கொட்டிவிடுகிறேன், வேலை போனால் போகட்டும் என்றேன். கோபத்தில் சொன்னேனா, நிஜமாகவே செய்திருப்பேனா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் என்னைப் பார்த்து, "நீ போய்ட்டா இந்தப் புள்ளைங்கள யாருடி பாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் எழுந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டு, கொட்டகையிலிருந்து சொம்பை எடுத்துவந்து தொட்டியிலிருந்து மொண்டாள். தரையில் வீசிக் கொட்டவில்லை. கால் படாத இடமாகப் பார்த்து, கெபிக்குப் பின்னால் இருக்கும் வாழையின் வேரில் மெதுவாக ஊற்றினாள். திரும்பி வந்து மறுபடி மொண்டாள். ஊற்றும்போது உதடு ஜெபம் சொல்லிக்கொண்டே இருந்தது. தொட்டி வற்ற வற்ற, அடியில் பச்சைப் பாசியும் கறுப்புச் சேறும் தெரிந்தது. நான் அருளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காலில் ஈ உட்காராமல் விரட்டிக்கொண்டிருந்தேன்.

சொம்பு கல்லில் உரசுகிற சத்தம் கேட்டு உபதேசியார் வந்துவிட்டார். "ரெஜினா, இன்னா காரியம் பண்ற, பாவம்டி!" என்று கத்தினார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொம்பைக் கையில் பிடித்தபடியே தலை நிமிர்ந்து மாதா சொரூபத்தைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, மாட்டுக் கொட்டாய்ல புள்ள பெத்தவ நீ, கொசுக்கடின்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா? நீயே இவருக்குச் சொல்லும்மா."

மாதா என்ன சொன்னாளோ, இப்போது சனிக்கிழமை தவறாமல் தீர்த்தத்தை வாழைக்கு ஊற்றிவிட்டுத் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்க்கிறவர் உபதேசியார்தான், ஒருநாள் கூலி போனதோடு சரி, ரெஜினா அக்கா நடவில் இருக்கிறாள், அருள் புண் ஆறிய காலோடு என் தூளியை உதைக்கிறான், வாய்க்கால் கொசு மட்டும் என் வேலைக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறது.