அவள் தொட்டால் வராத பச்சை

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் எனக்கு, போன வருஷம் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் டேப்லெட் முன்னால் உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும். திரையில் கேள்வி வரும், கீழே நான்கு விடைகள் இருக்கும், சரியானதை விரலால் தொட வேண்டும். தொடாவிட்டால் சற்று நேரத்தில் அதுவே அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். கடைசியில் பிள்ளையின் பெயருக்கு நேராகப் பச்சையோ மஞ்சளோ சிவப்போ வரும்.

பள்ளிக்கு வந்த டேப்லெட்டுகள் இரண்டே இரண்டு. மரக்காணத்து உப்புக் காற்றில் சார்ஜ் ஏறும் இடம் துருப்பிடித்து, ஒன்று படுத்தது படுத்ததுதான். மிச்சம் இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகளையும் முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். திட்டிக்கொண்டேதான் செய்வேன். ஆனால் அது காட்டும் நிறத்தை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. விடைத்தாள் திருத்தித் திருத்தி அலுத்தவளுக்கு, வேறு யாராவது திருத்தினால் போதும் என்றிருந்தது.

அந்த வகுப்பில் ஒரு பெண். வாயே திறக்க மாட்டாள். அப்பா இல்லை, அம்மாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. விடிந்ததும் அம்மாவுடன் பாத்தியில் இறங்கி உப்பு வாரிவிட்டு, பெல் அடிக்கிற நேரத்துக்கு ஓடி வருவாள். தொடர்ந்து மூன்று மாதம் அவளுக்குச் சிவப்பு. மூன்றாவது மாதம் அவள் அம்மாவை வரச் சொன்னேன்.

"உங்க பொண்ணுக்குக் கணக்கு சுத்தமா ஏற மாட்டேங்குதும்மா. நீங்களே பாருங்க," என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அந்த அம்மா சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "மெஷினே சொல்லிடுச்சா டீச்சர்?"

"மூணு தடவையும் இதேதான்."

"மனுஷங்க சொன்னாக்கூட ஏதோ கோவத்துல சொல்றாங்கன்னு நெனைச்சிக்கலாம். அதுக்கு என் பொண்ணு மேல என்னா பகை இருக்கப் போவுது?"

வீட்டில் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. மறுநாளிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை.

இரண்டு வாரம் நானும் போய்ப் பார்க்கவில்லை. பொய் சொல்வானேன், அவள் பெஞ்சில் இல்லாதது என்னைக் கிளப்பவில்லை. "இந்த மாச டெஸ்ட்ல ஒண்ணே ஒண்ணு பெண்டிங் காட்டுது டீச்சர், முடிச்சிடுங்க," என்று ஹெட்மாஸ்டர் தினமும் பிடுங்கி எடுத்ததுதான் கிளப்பியது. டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை உப்பளத்துக்கு நடந்தேன்.

பாத்தியில் நின்றவளைக் கூப்பிட்டு வரப்பில் உட்கார வைத்து அவள் கையில் கொடுத்தேன். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்பது முதல் கேள்வி. "முக்கால்," என்று முணுமுணுத்தபடி சரியான விடையின் மேல் விரலை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தினாள். பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள். அதற்குள் கேள்வி போய்விட்டது. அடுத்ததற்கும் அதே கதி.

கையைப் பிடித்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் தோல் தடித்து, வெடித்து, மரக்கட்டையாக இருந்தது. திரைக்கு அந்த விரல் தட்டுப்படவே இல்லை.

"ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரல டீச்சர். தப்பான விடையைத் தொட்டா வராதுபோலன்னு நெனைச்சிட்டேன்."

எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. மூன்று மாதமும் அவளை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு, நான் பக்கத்து மேஜையில் நோட்டு திருத்திக்கொண்டிருந்தவள்.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். அவள் விடை சொன்னாள், நான் தொட்டேன். பச்சை வந்தது. உப்புக் கூடையை இறக்கிவிட்டு வந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க தொட்டா பச்சை வருது. அவ தொட்டா வரலியே. பாவம் பார்த்துப் போடுறீங்களா டீச்சர்?"

விரலைக் காட்டி விளக்கினேன். தப்பு முழுக்க என்னுடையது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தன் விரலைத் திரையில் வைத்துப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை.

"எங்களையெல்லாம் இதுக்குத் தெரியல," என்றார். பிறகு, "திங்கக்கெழம அனுப்புறேன். ஆனா அவளுக்குத் தெரிஞ்சதை மட்டும் போடுங்க," என்றார்.

சொன்னபடியே அனுப்பினார். அடுத்த மாதச் சோதனைக்கு அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். நோட்டுக்கட்டு அப்படியே கிடந்தது. கடைசிக் கேள்விக்கு அவள் தவறான விடையைச் சொன்னாள். என் விரல் தானாகவே சரியான விடைப் பக்கம் போனது. தொட்டிருந்தால் பச்சைதான், ஒரு தொல்லை ஒழிந்திருக்கும். அவள் திரையைப் பார்க்கவில்லை, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதையே தொட்டேன்.

மஞ்சள் வந்தது. குனிந்து அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இது என்னுதுதான் டீச்சர்," என்றாள்.