பெடர் ரோடு ஏற்றத்தில் ஒரு பஸ்

கல்லூரியில் நான் ஓட்டக்காரனாக இருந்தேன் என்று ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு பொய் சொன்னேன். உண்மையில் என் ஓட்டமெல்லாம் மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனில், கிளம்பிவிட்ட லோக்கல் ரயிலுக்குப் பின்னால்தான். முப்பது வருட அனுபவம். ஒவ்வொரு தடவையும் பதினைந்து மீட்டர்.

பொய் சொன்ன இடம் செம்பூரில் ஓர் இரும்புக் கடை. முதலாளி திருநெல்வேலிக்காரர், என் நெடுநாள் நண்பர். தாராவியில் என் ஆபீஸ் பைக்கு ஜிப் மாற்றித் தரும் தொழிலாளிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. டயாலிசிஸுக்காக வாரத்தில் மூன்று நாள் குர்லாவில் வண்டி மாறி கோவண்டி போய்வருகிறார். போன மாதம் திரும்பும்போது குர்லா பாலத்தில் மயங்கி விழுந்தார். தாராவியிலேயே ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அறை தயார், மெஷின்தான் இல்லை. அதற்குப் பணம் கேட்கப் போனவன், மாரத்தானில் ஓடி நன்கொடை திரட்டப்போவதாகவும் உளறிவிட்டேன்.

அவர் என் தொப்பையைப் பார்த்தார். "நீரா?"

அப்போதுதான் அந்தக் கல்லூரிப் பொய் என் வாயில் வந்தது.

"அப்பம் சரி. அரை மாரத்தான் ஓடி முடிச்சு மெடலக் கொண்டாரும் வே. மெஷின் என் பொறுப்பு."

"முடிக்கலேன்னா?"

"முடிக்கலேன்னா இந்தப் பக்கம் எதுக்கு வே வாரீரு?"

விஷயம் தாராவிக்கும் போய்விட்டது. பந்தயத்துக்கு முதல் நாள் தொழிலாளி போன் செய்தார். "நமக்காவ ஓடுதியளாமே சார். முட்டுக்கு தைலம் தேச்சுட்டுப் போங்க." அன்றிரவே பாதிப் புட்டி தேய்த்தேன். பயத்தில்தான்.

பந்தய விதி எளிமையானது. நேரத்துக்குள் முடிக்க மாட்டார்கள் என்று தெரிகிறவர்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஒரு பஸ் வரும். ஏறி உட்கார்ந்தால் கணக்கு முடிந்தது, மெடல் கிடையாது.

பந்தயத்தன்று பெடர் ரோடு ஏற்றத்தில் அதன் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன் என்று தெரியும். இடது முழங்கால் தனிக்குடித்தனம் போய் வெகு நேரமாகியிருந்தது. குர்லா பாலத்தை நினைத்துக்கொண்டேன். ஒரு விளக்குக் கம்பம். பிறகு அடுத்த கம்பம். டீசல் வாடை கழுத்தில் பட்டது. பஸ் பக்கத்தில் வந்து, மெதுவானது. கதவு திறந்திருந்தது.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. ஊர்ந்து போகும் வண்டி, திறந்த கதவு, நடுவில் ஒரு கம்பி. வலது கை கம்பியைப் பிடித்துவிட்டது, கால் படியில் ஏறிவிட்டது. முப்பது வருடமாக அந்த உடம்புக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். உள்ளே மூன்று பேர் லோக்கல் வழக்கப்படி நெருங்கி உட்கார்ந்து, எனக்கு நாலாவது இடம் ஒதுக்கினார்கள். இத்தனை அழகான சீட்டை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.

வாசலில் நின்ற தொண்டர் பெண், என் மார்பில் குத்தியிருந்த எண்ணுக்காகக் கை நீட்டினாள். "அங்கிள், நம்பர் தே தோ."

அந்தக் கையைப் பார்த்ததும்தான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. ஓடும் வண்டியிலிருந்து இறங்கவும் அதே உடம்புக்குத் தெரியும்: வண்டி போகும் திசையிலேயே முகம், இறங்கியதும் விழாமலிருக்க நாலடி ஓட்டம். குதித்தேன். அந்த நாலடிதான் அன்றைக்கு என் அதிகபட்ச வேகம்.

"மேடம், பைட்டா நஹி!" என்று கத்தினேன். உட்காரவில்லையே.

அவள் ஒரு கணம் யோசித்தாள். எனக்கு அது பந்தயத்தின் இருபத்தொரு கிலோமீட்டரைவிட நீளம். "பாகோ அங்கிள், பாகோ," என்று ஓடச் சொன்னாள்.

ஓடினேன். நொண்டினேன் என்பது சரியான சொல். எல்லைக் கோட்டை நான் கடந்தபோது பின்னால் பாதையை மூடத் தடுப்புக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடைப் படி இரண்டையும் பக்கவாட்டில் ஏறி, மெடலை மேஜையில் வைத்தேன். முதலாளி அதை உள்ளங்கையில் எடை பார்த்தார்.

"தகரம்," என்றார். "நீரு பொய் சொன்ன அன்னைக்கே மெஷினுக்கு ஆர்டர் குடுத்தாச்சு வே. உம்ம கால நம்பி அந்த மனுசன விட முடியுமா?"