குணலட்சுமியின் வலது கை

கோப்பாய்க் கதிரவேலுவின் மகள் குணலட்சுமியின் சங்கீதத்தில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டப்படிப்பின் கடைசி வருடம்வரை எல்லாப் பாடத்திலும் அவள்தான் முதலாவது. போயும் போயும் இசைநாடகச் செய்முறைப் பரீட்சையில் அல்லவா கோட்டை விட்டாள்!

குற்றவாளி அவளுடைய வலது கை. ஏழு வயதிலிருந்து தொடையில் தட்டித் தாளம் போட்டுப் பழகிய கை அது. கச்சேரியில் அது அழகுதான். நாட்டை இழந்த அரசன் வேடம் கட்டி, கண்ணீரோடு ஊரைவிட்டுப் போகும் பாட்டைப் பாடும்போது, கை மட்டும் விரல் எண்ணிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் அழுகை வரும்? சபை கொல்லென்று சிரித்துவிட்டது. மறுமுறை பரீட்சைக்குத் தோற்ற ஒரேயொரு வாய்ப்புத் தந்தார்கள். அதிலும் தவறினால் பட்டம் இல்லை.

"கையைக் கட்டிப்போட்டுப் பாடும்" என்றான் மிருதங்கம் வாசிக்கும் தேவராசா. பாவம், சால்வையால் கட்டியும் பார்த்தாள். கால் பெருவிரல் தட்டத் தொடங்கியது. வாளைக் கொடுத்தார்கள். வாளும் தாளம் போட்டது! நான்கு வருடப் படிப்பு இந்தப் பாழாய்ப்போன கையால் கெடப்போகிறதே என்று அவள் விக்கி விக்கி அழுதாள்.

அரசியாக நடிக்கும் இராசமலர் பக்கத்தில் வந்து குந்தினாள். மயிலிட்டிக்காரி. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இடம்பெயர்ந்து வந்து, இரண்டு வருடமாக இணுவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் குடும்பத்தோடு இருக்கிறாள்.

"குணம், ஊரை விட்டு வரேக்கை எங்கடை ஐயா கதவைப் பூட்டித் திறப்பை மடியிலை செருகினவர். பிறகு வழி முழுக்க அந்த மடியைத் தடவித் தடவித்தான் நடந்தவர். இண்டைக்கும் கதைக்கேக்கை கை அங்கைதான் போகும்."

குணலட்சுமி கண்ணைத் துடைத்தாள். "அந்தக் கையை நான் எடுக்கட்டே?"

"எடும். ஆனால் பத்திரமாய்த் திருப்பித் தாரும். கதவைத் திறக்க வேணுமெல்லே!"

பரீட்சையன்று மின்சாரமும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. மாலை நான்கு மணி வெளிச்சத்தில் அரசன் பாடிக்கொண்டே வந்தான். பாட்டின் இரண்டாம் அடியில் வலது கை இடுப்புக்குப் போனது. எதையோ தடவிப் பார்த்தது, விட்டது, மறுபடி தடவியது. அரசி பேசாமல் நிற்க வேண்டிய கட்டம் அது. இராசமலருக்கு நின்ற இடத்திலேயே கண் நிறைந்து வழிந்தது. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

பாட்டு முடிந்தது. பரீட்சகர் தில்லைநாதன் பேனையை மூடினார்.

"பிள்ளை, தாளத்தை எங்கை வைச்சிருந்தனீர்?"

குணலட்சுமி தன் வலது கையைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"மறந்துபோனன், சேர்."

"நாங்களும் மறந்துபோனம்" என்று சொல்லிவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.